எந்த நாட்டில் எந்தத் தளம்: ஸ்மார்ட்போன் பங்கு விவரங்களை ஒப்பிடும் முறை

2023-ஆம் ஆண்டுக் கணக்கு முடிந்தபோது, உலகிலேயே அதிக ஸ்மார்ட்போன்களைச் சந்தைக்கு அனுப்பிய நிறுவனம் ஆப்பிள் என்று ஐடிசி என்னும் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. 2010-க்குப் பிறகு சாம்சங் அல்லாத ஒரு நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதன்முறை. அதே ஆண்டில், உலகில் புழங்கிய ஸ்மார்ட்போன்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு ஆண்ட்ராய்டில்தான் இயங்கின. அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட கைபேசிகள் ஐபோன்கள். இந்தியாவிலோ இருபதில் ஒன்றுதான் ஐபோன். ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றும் இந்தக் கூற்றுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன, ஏனெனில் ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை, வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு முறையில் எண்ணியிருக்கிறது.

இத்தகைய விவரங்களைத் தேடி எடுத்து ஒப்பிட வேண்டியவர்கள் பலவகைப்படுவர். எந்த நாட்டுக்கு எந்தத் தளத்தில் முதலில் செயலியை வெளியிடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் ஒருவர். கட்டுரையோ ஆய்வேடோ எழுதுபவர் இன்னொருவர். வேறு நாட்டுக்குக் குடிபெயரும் முன் கைபேசியை மாற்றலாமா என்று யோசிப்பவர் மற்றொருவர். மூவரும் அதே வலைப்பக்கங்களைத்தான் திறப்பார்கள், ஆனால் மூவருக்கும் தேவைப்படும் எண் ஒன்றல்ல. ஆகவே "எது பிரபலம்?" என்று பொதுப்படையாகத் தேடத் தொடங்காமல், கேள்வியை ஒரு முழு வாக்கியமாக எழுதிக்கொள்வது நல்லது. "இந்த ஆண்டு ஜப்பானில் புதிதாக விற்கும் கைபேசிகளில் ஐபோன் எத்தனை பங்கு?" என்பது ஒரு கேள்வி, "இன்று ஜப்பானில் மக்கள் கையில் இருக்கும் கைபேசிகளில் ஐபோன் எத்தனை பங்கு?" என்பது வேறொரு கேள்வி, "ஜப்பானில் செயலிகளுக்காகச் செலவாகும் பணத்தில் எவ்வளவு ஐபோன் வழியாகப் போகிறது?" என்பது மூன்றாவது. மூன்றின் விடைகளும் கணிசமாக வேறுபடக்கூடும்.

எதை எண்ணியிருக்கிறார்கள்?

ஊடகங்களில் காலாண்டுதோறும் வரும் "சந்தைப் பங்கு" பெரும்பாலும் அனுப்பிய எண்ணிக்கையைக் குறிக்கிறது. அதாவது தயாரிப்பு நிறுவனம் விநியோகஸ்தர்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பிவைத்த கைபேசிகளின் கணக்கு அது. வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தவற்றின் கணக்கு அன்று. ஐடிசி, கவுன்டர்பாயின்ட் முதலிய நிறுவனங்கள் இதை வெளியிடுகின்றன. எத்தனை ஐபோன்கள் விற்றன என்ற எண்ணிக்கையை இனி அறிவிப்பதில்லை என்று ஆப்பிள் 2018 நவம்பரில் சொல்லிவிட்டதால், அதன் பிறகு வந்த ஐபோன் எண்ணிக்கைகள் அனைத்தும் உதிரிபாகக் கொள்முதல், விநியோகஸ்தர்களிடம் பெற்ற தகவல், வருவாய் அறிக்கை ஆகியவற்றிலிருந்து பெறப்பட்ட மதிப்பீடுகளே. ஒரே காலாண்டுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு எண்களைச் சொல்வதில் வியப்பில்லை. ஒரு நிறுவனத்தின் சென்ற ஆண்டு எண்ணை இன்னொரு நிறுவனத்தின் இந்த ஆண்டு எண்ணோடு ஒட்டவைத்து "வளர்ச்சி" என்று எழுதுவதுதான் பிழை.

அனுப்பிய எண்ணிக்கையில் பருவக் கோளாறும் உண்டு. புதிய ஐபோன்கள் வழக்கமாகச் செப்டம்பரில் வெளியாவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் ஆப்பிளின் பங்கு ஏறி, அதன்பின் இறங்கும். டிசம்பர் காலாண்டையும் ஜூன் காலாண்டையும் அருகருகே வைத்து ஐபோன் சரிந்துவிட்டது என்று எழுதுவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும், அல்லது நான்கு காலாண்டுகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒற்றைக் காலாண்டுத் தலைப்புச் செய்திகளை நான் படிப்பதோடு சரி, அட்டவணையில் சேர்ப்பதில்லை.

வாங்கியவர் கைக்குப் போன எண்ணிக்கையை நுகர்வோர் குழுக்களிடம் கேட்டு மதிப்பிடும் முறையும் உள்ளது. கான்டார் நிறுவனம் சில நாடுகளுக்கு இப்படித் தளவாரியாக வெளியிட்டு வந்திருக்கிறது. அனுப்பிய கணக்கைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கும், ஆனால் எல்லா நாடுகளுக்கும் கிடைக்காது.

நாடுகளை ஒப்பிடுபவருக்கு மிகவும் தேவைப்படுவது மூன்றாவது வகை: இன்று பயன்பாட்டில் இருக்கும் கைபேசிகள். விற்பனைப் பங்கும் பயன்பாட்டுப் பங்கும் ஏன் விலகி நிற்கின்றன என்பதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்த்துவிடுவோம். ஒரு நாட்டில் ஆண்டுக்கு 100 கைபேசிகள் விற்கின்றன. 20 ஐபோன், 80 ஆண்ட்ராய்டு. ஐபோன் சராசரியாக 5 ஆண்டுகள் யாரேனும் ஒருவர் கையில் புழங்குகிறது. ஆண்ட்ராய்டு கைபேசி 3 ஆண்டுகள். இந்த நிலை மாறாமல் தொடர்ந்தால், எந்த ஒரு நாளிலும் அந்த நாட்டில் 20 × 5 = 100 ஐபோன்களும், 80 × 3 = 240 ஆண்ட்ராய்டு கைபேசிகளும் பயன்பாட்டில் இருக்கும். மொத்தம் 340-இல் ஐபோனின் பங்கு 29 சதவீதத்துக்குச் சற்று மேல். விற்பனையில் ஐந்தில் ஒன்றாக இருப்பது பயன்பாட்டில் மூன்றில் ஒன்றை நெருங்கிவிடுகிறது, யாரும் பொய் சொல்லாமலே.

மெய்யான எண்களும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கின்றன. 2023-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட சுமார் 117 கோடி ஸ்மார்ட்போன்களில் 23.46 கோடி ஆப்பிளுடையவை என்று ஐடிசி மதிப்பிட்டது; அது 20 சதவீதம். வலைப் பயன்பாட்டை அளக்கும் கணக்குகளிலோ ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இடைவெளிக்குக் காரணம் கைபேசியின் ஆயுள் மட்டுமன்று. ஒருவர் விற்ற பழைய ஐபோன் புதுப்பிக்கப்பட்டு வேறொரு நாட்டில் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கும்போது, அது எந்த நாட்டின் புதிய விற்பனைக் கணக்கிலும் வருவதில்லை, ஆனால் பயன்பாட்டுக் கணக்கில் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அதிகம் இணையம் பார்ப்பவரின் கைபேசி வலைக் கணக்கில் அதிக எடை பெறுகிறது.

நிறுவனங்களே அறிவிக்கும் எண்களைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம், கவனம் தேவை. உலகில் 300 கோடி ஆண்ட்ராய்டு சாதனங்கள் செயல்பாட்டில் இருப்பதாக கூகுள் 2021 மே மாதம் அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில், செயல்பாட்டில் உள்ள தன் சாதனங்கள் 165 கோடி என்றும், அவற்றில் ஐபோன்கள் 100 கோடிக்கு மேல் என்றும் ஆப்பிள் சொன்னது. 300-க்கு எதிராக 165-ஐ வைப்பது தவறு, ஏனெனில் அந்த 165 கோடியில் ஐபேடும் மேக் கணினியும் கைக்கடிகாரமும் அடங்கும். 300-க்கு எதிராக 100-ஐ வைத்தால் 75-க்கு 25 என்று வருகிறது. அதுவும் முழுமையாகச் சரியன்று, ஏனெனில் கூகுளின் எண்ணிக்கையில் டேப்லெட் போன்றவை சேர்ந்திருக்கின்றன, பிளே ஸ்டோர் இல்லாத சீனக் கைபேசிகள் விடுபட்டிருக்கின்றன. ஆயினும் வலைக் கணக்கு காட்டிய விகிதத்துக்கு வெகு அருகில் அது நிற்கிறது. இரண்டு வேறுபட்ட வழிகளில் வந்த எண்கள் நெருங்கி நிற்கும்போது இரண்டின்மீதும் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம்.

ஸ்டாட்கவுன்டர் பக்கத்தைப் படிக்கும் விதம்

நாடுவாரியாகவும் மாதவாரியாகவும் இலவசமாகக் கிடைப்பதால், பெரும்பாலோர் போய் நிற்கும் இடம் ஸ்டாட்கவுன்டர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வலைத்தளங்களில் பொருத்தப்பட்ட அதன் நிரல், யாரேனும் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்த உலாவி எந்த இயங்குதளத்திலிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்கிறது. அது எண்ணுவது ஆட்களை அன்று, கைபேசிகளையும் அன்று, பக்கப் பார்வைகளை. நாளொன்றுக்கு 60 பக்கம் திறக்கும் ஒருவர், 10 பக்கம் திறக்கும் ஆறு பேருக்குச் சமமாகிவிடுகிறார். செயலிகளுக்குள்ளேயே நாள் முழுவதும் கழிப்பவர் இந்தக் கணக்கில் ஏறக்குறைய இல்லாதவராகிவிடுகிறார்.

அங்கே செய்ய வேண்டியவை எளியவை. புள்ளிவிவர வகையில் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்து, சாதன வகையில் மொபைல் என்பதை மட்டும் விட்டு, டெஸ்க்டாப், டேப்லெட் ஆகியவற்றை நீக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தால் விண்டோஸ் உள்ளே வந்து பங்கைச் சிதைத்துவிடும். பிறகு நாட்டைத் தேர்ந்து, காலத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு நீட்டி, வரைபடத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் எண்களைக் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். வெளியான எண்கள் 45 நாள் வரை திருத்தத்துக்கு உட்பட்டவை என்று அந்த நிறுவனமே குறிப்பிடுவதால், கடைசி மாதத்தை அட்டவணையில் சேர்க்காமல் விட்டுவிடுவது பாதுகாப்பானது.

வரைபடத்தில் ஒரே மாதத்தில் ஏழெட்டுச் சதவீதப் புள்ளிகள் துள்ளல் தெரிந்தால், அந்த நாட்டு மக்கள் கூட்டமாகக் கைபேசியை மாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பழைய கைபேசிகள் அவ்வளவு விரைவில் மறைவதில்லை. அந்த நாட்டில் நிரல் பொருத்தியிருந்த ஒரு பெரிய வலைத்தளம் விலகியிருக்கலாம், அல்லது புதிதாகச் சேர்ந்திருக்கலாம். மக்கள்தொகை குறைந்த நாடுகளில் இத்தகைய துள்ளல்கள் சாதாரணம். அங்கெல்லாம் ஓராண்டுச் சராசரியை எடுப்பதே தகும்.

இந்த முறையின் அடிப்படை, உலாவி தன்னைப் பற்றித் தானே சொல்லும் ஒரு வரி. அந்த வரி எப்போதும் மெய்யைச் சொல்வதில்லை. 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேடில் உள்ள சஃபாரி தன்னை மேக் கணினி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆகவே டேப்லெட் கணக்குகளை அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதில் பொருளில்லை. குரோம் உலாவி 2023 தொடக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது: பயனரின் தனியுரிமையைக் காக்க, ஆண்ட்ராய்டு கைபேசி எதுவாயினும், பதிப்பு எதுவாயினும், அந்த வரியில் "ஆண்ட்ராய்டு 10" என்றும், கைபேசி மாதிரியின் இடத்தில் "கே" என்ற ஒற்றை எழுத்தையும் மட்டுமே காட்டத் தொடங்கியது. அந்த வரியை மட்டும் நம்பித் தொகுத்த எந்தப் பதிப்புக் கணக்கிலும் ஆண்ட்ராய்டு 10 இல்லாத உயரத்துக்கு ஏறியிருக்கும். தளங்களின் பங்குக்கு இதனால் கேடில்லை. பதிப்புகளின் பங்கையும் கைபேசி மாதிரிகளின் பங்கையும் இப்படிப்பட்ட மூலத்திலிருந்து எடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

பிராண்டும் தளமும் ஒன்றன்று

ஆப்பிளுக்கு எதிராகச் சாம்சங் என்பது நிறுவனங்களுக்கிடையே உள்ள போட்டி. ஐஓஎஸ்ஸுக்கு எதிராக ஆண்ட்ராய்டு என்பது தளங்களுக்கிடையே உள்ள போட்டி. ஐஓஎஸ்ஸில் இயங்கும் கைபேசிகளைச் செய்வது ஒரே நிறுவனம். ஆண்ட்ராய்டு பக்கத்தில் சாம்சங், ஷாவ்மி, ஓப்போ, விவோ, மோட்டோரோலா, ஹானர் என்று பட்டியல் நீளும். எனவே நிறுவனவாரிப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் ஆப்பிள், தளவாரிப் பட்டியலில் சிறுபான்மையாக இருக்க முடியும். நிறுவனவாரிப் பட்டியலைத் தளவாரியாக மாற்ற நினைப்பவர், துணைப் பிராண்டுகளையும் அறிந்திருக்க வேண்டும்: ரெட்மியும் போக்கோவும் ஷாவ்மியின் கீழ் வருபவை, டெக்னோ, இன்ஃபினிக்ஸ், ஐடெல் ஆகிய மூன்றும் டிரான்ஷன் என்னும் ஒரே சீன நிறுவனத்துக்கு உரியவை. மூன்றையும் சேர்த்து எண்ணினால் ஆப்பிரிக்காவில் மிக அதிகம் விற்கும் நிறுவனம் அதுவே. ஒன்பிளஸைத் தனியாக எண்ணுவோரும் உண்டு, ஓப்போவோடு சேர்த்து எண்ணுவோரும் உண்டு.

எது ஸ்மார்ட்போன் என்ற எல்லைக் கோடும் மூலத்துக்கு மூலம் மாறும். 2017-இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோன், ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் வழிவந்த கைஓஎஸ்ஸில் இயங்கிய, பொத்தான்கள் கொண்ட கைபேசி. வலைப் பயன்பாட்டுக் கணக்கில் கைஓஎஸ் அடுத்த ஆண்டே இந்தியாவில் சில சதவீதத்தைப் பிடித்தது. ஸ்மார்ட்போன் விற்பனைக் கணக்கிலோ அந்தக் கைபேசிக்கு இடமே இல்லை. அந்த ஆண்டுகளின் இந்திய எண்களை எடுப்பவர் இதை ஒரு வரியில் குறித்துவைப்பது முறை.

சீனாவுக்குத் தனிப் பத்தி

நாடுகளின் வரிசையில் சீனாவையும் மற்றவற்றைப் போலவே ஒரு வரியாகச் சேர்த்துவிடும் அட்டவணைகள் பெரும்பாலும் தவறான பொருளையே தருகின்றன. அங்கே விற்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கூகுள் சேவைகளும் இல்லை, பிளே ஸ்டோரும் இல்லை. ஹுவாவே, ஷாவ்மி, ஓப்போ, விவோ ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் செயலிக் கடையை நடத்துகின்றன. ஆகவே "சீனாவில் ஆண்ட்ராய்டு இவ்வளவு சதவீதம்" என்பதைப் பார்த்து, பிளே ஸ்டோரில் செயலியை ஏற்றினால் அவ்வளவு பேரைச் சென்றடையும் என்று கணக்கிடுபவர் எவரையும் சென்றடைய மாட்டார்.

இதில் ஹார்மனிஓஎஸ் வேறு குறுக்கிடுகிறது. 2019 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஹுவாவேயைத் தன் வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்த பிறகு, அந்த நிறுவனம் ஆகஸ்டில் இந்த இயங்குதளத்தை அறிவித்து, 2021 ஜூனில் கைபேசிகளுக்குக் கொண்டுவந்தது. தொடக்கப் பதிப்புகளில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடின. அதனால் சில கணக்குகள் அதை ஆண்ட்ராய்டு என்றே எண்ணின, சில தனியாக எண்ணின. 2024 அக்டோபரில் வந்த ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட், ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான ஆதரவை முற்றாக விட்டுவிட்டது. 2024-இன் முதல் காலாண்டில் சீன விற்பனையில் ஹார்மனிஓஎஸ் ஐஓஎஸ்ஸைச் சற்றே முந்தியதாக கவுன்டர்பாயின்ட் கணித்தது. சீன எண் எதை எடுத்தாலும், அதில் ஹார்மனிஓஎஸ் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வலைத்தளங்கள் பலவும் அங்கே திறக்காததால், உலகளாவிய வலைக் கணக்குகள் சீனாவைப் பொறுத்தமட்டில் மிகப் பலவீனமானவை. அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் விற்பனை மதிப்பீடுகளை நம்புவதே மேல்.

சீனப் பயனருக்குத் தளம் எதுவாக இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017-இல் வீசாட் தன் சிறுசெயலிகளைத் தொடங்கியதிலிருந்து, பணம் செலுத்துவது முதல் வண்டி அழைப்பது வரை அந்த ஒரு செயலிக்குள்ளேயே முடிகிறது. ஐபோனிலிருந்து வேறொன்றுக்கு மாறுவதற்கு அங்கே தடை குறைவு.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம்

ஒவ்வொரு நாட்டு எண்ணுக்கும் அருகே ஒரு காரண வரி எழுதிவைப்பது, அந்த எண் நாளை எந்தப் பக்கம் நகரும் என்று ஊகிக்க உதவும். "பணக்கார நாடு என்றால் ஐபோன், மற்றவை ஆண்ட்ராய்டு" என்ற வாய்பாடு ஓரளவுக்குத்தான் பொருந்தும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, டென்மார்க், சுவீடன், ஜப்பான் ஆகியவற்றில் ஐஓஎஸ் பெரும்பான்மை என்பது உண்மை. ஆனால் ஜெர்மனியிலும் தென்கொரியாவிலும் ஆண்ட்ராய்டுதான் முன்னால் நிற்கிறது. அவை ஏழை நாடுகள் அல்ல. பிரிட்டனில் இரண்டும் ஏறத்தாழ சரிபாதி.

ஜப்பானில் ஐபோன் வேரூன்றியது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் போட்டியால். 2008 ஜூலையில் சாஃப்ட்பேங்க் முதலில் விற்கத் தொடங்கியது. 2011-இல் கேடிடிஐ சேர்ந்தது. மிகப் பெரிய நிறுவனமான என்டிடி டோகோமோ 2013 செப்டம்பரில் பணிந்தது. மூன்றும் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கைபேசி விலையைப் பெருமளவு தள்ளுபடி செய்ததால், விலை உயர்ந்த கைபேசிக்கும் மலிவான கைபேசிக்கும் வாங்குபவர் கண்ணில் வேறுபாடு மங்கிப்போனது. ரயில் நிலையத்திலும் கடையிலும் தட்டிப் பணம் செலுத்த அங்கே வழக்கத்தில் இருந்த ஃபெலிக்கா சில்லு, 2016-இல் ஐபோன் 7-இல் வந்தபோது உள்நாட்டுக் கைபேசிகளின் கடைசிப் பிடிமானமும் தளர்ந்தது. 2019 அக்டோபரில் தள்ளுபடிக்கு 20,000 யென் என்று அரசு உச்சவரம்பு விதித்தும் ஐபோனின் பெரும்பான்மை குலையவில்லை. பழக்கம் அதற்குள் ஊறிவிட்டிருந்தது.

அமெரிக்காவிலும் மாதத் தவணையும் பழைய கைபேசிக்குக் கழிவும் விலையை மறைக்கின்றன. அதற்கு மேல், ஆப்பிள் சாதனங்களுக்குள் மட்டும் இயங்கும் செய்திச் சேவையான ஐமெசேஜ் என்னும் கட்டு இருக்கிறது. அங்கே குறுஞ்செய்தியே இன்னும் முதன்மையான உரையாடல் வழி என்பதால், ஐபோன் குழுவுக்குள் ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி நுழைந்தால் படங்கள் மங்குவதும் குமிழின் நிறம் மாறுவதும் நண்பர் வட்டத்தில் உறுத்தலாகிவிட்டது. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18, குறுஞ்செய்தியின் மேம்பட்ட வடிவமான ஆர்சிஎஸ் முறையை ஏற்றுக்கொண்டதால் படத்தின் குறை தீர்ந்தது, நிறம் மாறவில்லை. இந்தியாவிலும் பிரேசிலிலும் வாட்ஸ்அப், ஜப்பானில் லைன், கொரியாவில் காகாவ்டாக் என்று இரு தளத்துக்கும் பொதுவான செயலிகளில் உரையாடல் நடப்பதால் இந்தக் கட்டு அங்கெல்லாம் செல்லுபடியாகாது.

இந்தியாவில் கைபேசியின் முழு விலையையும் வாங்குபவரே ஏற்கிறார், தொலைத்தொடர்பு நிறுவனம் பங்கேற்பதில்லை. ஆண்ட்ராய்டின் 95 சதவீதத்துக்கு அடிப்படை அதுவே. ஆனால் எண்ணிக்கையில் சிறுபான்மையான ஐபோன், விற்பனை மதிப்பில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பங்கைப் பிடிக்கிறது. கட்டணச் செயலி விற்பவருக்கு இரண்டாவது எண்ணே முக்கியம்; அரசுத் திட்டத்துக்கான செயலி செய்பவருக்கு முதல் எண். தென்கொரியாவில் சாம்சங்கின் தாய்மண் என்பதோடு, கைபேசியைத் தட்டிப் பணம் செலுத்தும் சேவைகளில் சாம்சங் பே 2015-இல் வந்துவிட, ஆப்பிள் பே 2023 மார்ச்சில்தான் வந்தது என்பதும் கணக்கில் எடுக்க வேண்டியது.

அரசியல் முடிவுகள் விற்பனை எண்ணை ஒரே நாளில் பூஜ்யமாக்கும்; பயன்பாட்டு எண்ணை அசைக்காது. 2022 மார்ச்சில் ஆப்பிள் ரஷ்யாவில் விற்பனையை நிறுத்தியது; வணிகச் சின்ன உரிமையாளரின் அனுமதியில்லாமலே வேறு நாடுகள் வழியாக இறக்குமதி செய்ய ரஷ்ய அரசு அதே ஆண்டில் வழிவிட்டதால், ஐபோன்கள் தொடர்ந்து வந்துசேர்ந்தன. உள்நாட்டு உற்பத்தி விதியைக் காட்டி இந்தோனேசியா 2024 அக்டோபரில் ஐபோன் 16-இன் விற்பனைக்குத் தடை விதித்தது. அது விலக அடுத்த ஆண்டாயிற்று. இத்தகைய நாடுகளுக்கு அதிகாரபூர்வ விற்பனைக் கணக்கை மட்டும் எடுப்பவர் ஏமாறுவார்.

சராசரி எடுக்கும்போது

பல நாடுகளைச் சேர்த்து ஒரே எண் சொல்ல வேண்டியிருந்தால், சதவீதங்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. 10 கோடி கைபேசிகள் உள்ள நாட்டில் ஐஓஎஸ் 60 சதவீதம், 50 கோடி உள்ள நாட்டில் 10 சதவீதம், 5 கோடி உள்ள நாட்டில் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கூட்டி வகுத்தால் 46.7 வரும். கைபேசிகளை எண்ணினால் 6 + 5 + 3.5 = 14.5 கோடி, மொத்தம் 65 கோடியில் அது 22.3 சதவீதம். முதல் எண் இரண்டாவதைவிட இரண்டு மடங்கு பெரிது, இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

தளங்களின் தன்மையை ஒப்பிடுதல்

பங்கோடு சேர்த்துத் தளங்களின் தன்மையையும் ஒப்பிடுபவர், எந்த நாட்டில், எந்தக் கைபேசியில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மென்பொருள் ஆதரவை எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024-இல் வெளியான ஐஓஎஸ் 18 வரை பெற்றது. 2023-இன் கூகுள் பிக்சல் 8-க்கும் 2024-இன் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு ஆதரவு உறுதியளிக்கப்பட்டுள்ளது. ஆனால் ஒரு நாட்டில் விற்பவை பெரும்பாலும் மலிவு விலைக் கைபேசிகள் என்றால், ஏழு ஆண்டு உறுதி அந்த நாட்டு ஆண்ட்ராய்டு பயனருக்குப் பொருந்தாது. பதிப்பு எண்களையும் நேருக்கு நேர் வைக்க வேண்டாம்: ஐபோனில் சஃபாரி போன்றவை இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகின்றன, ஆண்ட்ராய்டில் குரோமும் கூகுள் சேவைகளும் தனியே புதுப்பிக்கப்படுவதால், பழைய பதிப்பில் நிற்கும் கைபேசியும் எண் காட்டும் அளவுக்குப் பழையதாக இருப்பதில்லை.

வெளியிலிருந்து செயலி நிறுவும் உரிமையும் இப்போது நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்முறைச் சந்தைச் சட்டத்தால், 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 அந்த நாடுகளில் மாற்றுச் செயலிக் கடைகளுக்கு வழிவிட்டது. ஜப்பானும் இதே நோக்கில் இயற்றிய சட்டம் 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. "ஐபோனில் ஆப் ஸ்டோரைத் தவிர வேறு வழியில்லை" என்று பழைய ஒப்பீடுகளில் இருக்கும் வரியை அப்படியே எடுத்தாள முடியாது. வருவாயைப் பொறுத்தவரை, கைபேசிகள் குறைவாக இருந்தும் செயலிகளுக்காக நுகர்வோர் செலவிடும் பணம் ஆப் ஸ்டோரில்தான் அதிகம்.

அட்டவணை அமைக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் அருகே நாடு, காலம், எதை எண்ணியது, யார் எண்ணியது என்ற நான்கையும் எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்க வரும்போது மீண்டும் தேட வேண்டியிராது. இரண்டு நாடுகளுக்கிடையே ஓரிரு புள்ளி வேறுபாடு இருந்தால் அவை சமம் என்றே கொள்ளலாம். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் அச்சிடப்பட்டிருப்பதால் மட்டும் அந்த எண் துல்லியமாகிவிடுவதில்லை. ஏற்கெனவே வலைத்தளமோ செயலியோ நடத்துபவர் இத்தனை மூலங்களையும் அலசும் முன் தம் சேவையகப் பதிவைத் திறந்து பார்ப்பதே முறை. நாட்டு அளவில் ஆண்ட்ராய்டு 80 சதவீதமாக இருந்தும், தம்மைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் ஐபோனிலிருந்து வருகிறார்கள் என்று பதிவு சொன்னால், சோதனைக்கு எந்தக் கைபேசிகளை வாங்குவது என்பதை அந்தப் பதிவே தீர்மானிக்கட்டும்.